நான் தட்டிய பூச்சியங்கள்

என் மேசை லாச்சியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை இருக்கிறது. அதன் வலது மேல் மூலையில் பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறி. அந்த ஒரு குறியை இரண்டு பேர் எழுதினோம். இடையில் ஒருவர் அதை அழித்தார். அழித்தவன் நான். பிறகு இரண்டாம் முறை எழுதியவனும் நான்தான். முதலில் எழுதியவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, லண்டனிலேயே வேலை பார்த்துத் தங்கிவிட்டவர். எனக்குச் சொந்தமில்லை. ஆனால் நாலு வருடங்களாக என் மகள் ஒழுங்கையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் அவர்தான்.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு வந்தவர்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட விஞ்ஞானப் படிப்பை லண்டனில் மாலை வகுப்புகளில் ஒருவாறு முடித்தேன். எண்பதுகளின் கடைசியில், நிலத்தடி விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஓர் அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு வேலை கிடைத்தது. அப்போது ஐரோப்பிய நாடுகள் சில கூடி, தத்தம் நிலத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரே ஒழுங்கில் எழுதி ஒருவருக்கொருவர் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தன. மண்சரிவு, தாழும் நிலம், மறந்துபோன சுரங்கங்கள் எல்லாம் அதில் அடங்கும். இங்கிலாந்தின் தெற்கில் உள்ள வெள்ளைச் சோக்குப் பாறைதான் கடலுக்கு அடியால் போய் வட பிரான்சில் மேலே வருகிறது. முன்னொரு காலத்தில் இரண்டு பக்கத்து மக்களும் அதைக் குடைந்து சுண்ணாம்புக்காக எடுத்திருக்கிறார்கள். பிறகு வாயை மூடிவிட்டு, மூடியதையும் மறந்துவிட்டார்கள். பிரான்சில் ஒரு வயல் திடீரென்று உள்ளே போனால், அது ஏன் போனது என்பது இங்கே பள்ளிக்கூடம் கட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலையின் நோக்கம் அவ்வளவுதான். நல்ல நோக்கம். இன்றைக்கும் அதை நான் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் பங்கு, பழைய பச்சை அட்டைகளில் இருந்ததைக் கணினியில் ஏற்றுவது. நிலப்படத்தில் ஒரு சதுரத்துக்கு ஓர் அட்டை. மண் என்ன, பாறை எவ்வளவு ஆழத்தில், நீர் எங்கே, உள்ளே குடைவு உண்டா என்று நான்கு வரிகள். அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அக்காவின் வேலை. தட்டுவது என் வேலை. எங்கள் இருவர் மேசைகளும் நிலக்கீழ்த் தளத்தில் எதிரெதிரே கிடந்தன. மேலே இருந்த சன்னலில் நடைபாதையில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும்.

அக்கா உருண்டையான, சத்தமான ஆள். ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, "பாத்தாச்சா, பாக்கலையா?" என்று அட்டையிடமே கேட்பார். நாலாவது வரி எழுதப்படாமல் கிடந்தால், மூலையில் பென்சிலை அழுத்தி ஒரு கேள்விக்குறி போடுவார். அந்த அழுத்தத்தில் பென்சில் முனை அடிக்கடி உடைந்து என் மேசைக்குப் பறந்து வரும்.

"அக்கா, கண்ணில குத்தப் போகுது."

"குத்தட்டும் லா. அப்பவாவது கண்ணத் தொறந்து தட்டுவே."

அவர் பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் ஈயச் சுரங்கக் குட்டைகளும்தானாம். ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதாம். மாலையில் கோழிக்கூடு இருந்த இடத்தில் ஒரு குளம் இருந்ததாம். இதை அவர் பெரிய பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊரும் சுண்ணாம்புக்கல்தான், நிலாவரைக் கிணற்றின் ஆழத்தை ஒருவரும் கண்டதில்லை என்று நான் சொன்னேன். "அப்ப ரெண்டு பேருமே ஓட்டைக்கு மேல பொறந்தவங்க. நம்மள நம்பி இந்த வேலையக் குடுத்திருக்கான் பாரு வெள்ளக்காரன்" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் மட்டுமான சிரிப்பாகியது.

சிக்கல் நாலாவது வரியில்தான் இருந்தது. எங்கள் அலுவலகம் செய்திருந்த கணினிப் படிவத்தில் அந்த வரிக்கு இரண்டே விடைகள். குடைவு உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம். பிரான்சிலிருந்து வந்த பட்டியல்களில் மூன்றாவதாக ஒன்பது என்று ஒன்று இருந்தது. அதன் பொருள், இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. அக்கா நமக்கும் ஓர் ஒன்பது வேண்டும் என்று பிரிவுத் தலைவருக்கு மூன்று கடிதம் எழுதினார். யோசிக்கிறோம் என்று மூன்று பதில் வந்தது. வரியை வெறுமையாக விட்டால் கணினி கீச்சென்று கத்தும், அடுத்த அட்டைக்கு நகராது. ஆகவே கேள்விக்குறி போட்ட அட்டைகளை அக்கா ஒரு சப்பாத்துப் பெட்டியில் ஒதுக்கி வைத்தார். பழைய சுரங்க வரைபடங்கள் மூன்றாம் மாடியில் இருந்தன. ஒவ்வோர் அட்டைக்கும் ஏறிப்போய் அவற்றைப் பார்க்க வேண்டும், பார்த்தும் தெரியாவிட்டால் ஒன்பது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பெட்டி நிரம்பி மூடி நிற்காமல் போனது.

அந்த நேரத்தில் ஈப்போவில் அவருடைய தகப்பனார் காலமானார். அக்கா இரண்டு கிழமை விடுப்பில் போனார். போகும்போது பெட்டியைத் தட்டிக்காட்டி, "இதத் தொடாதே தம்பி, நான் வந்து பாத்துக்கறேன்" என்றார்.

ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு பலர் எனக்காக அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள். தட்டியதையெல்லாம் பதிந்த காந்த நாடாவை ஐரோப்பாவுக்கு அனுப்பும் நாள் நெருங்குகிறது, எப்படிப் போகிறது என்று பிரிவுத் தலைவர் படியில் கண்டபோது கேட்டார். அவ்வளவுதான். முடிந்துவிடும் என்றேன். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நிரந்தரமாக எடுப்பதா என்பதற்கான நேர்முகம் வரப்போகிறது. மனைவி சூப்பர்மார்க்கட்டில் மாலை ஷிப்ட். மூன்று வயது மகளை வால்தம்ஸ்டோவில் பிள்ளை பார்க்கும் பெண்ணிடமிருந்து ஐந்தரைக்குள் நான் கூட்டிவர வேண்டும். மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்க நேரமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். உண்மை அதுவுமில்லை. எனக்கு அந்தப் பெட்டி வெறுமையாக வேண்டும். யாராவது கேட்டால், எல்லாம் முடிந்தது என்று சொல்ல வேண்டும். அந்த ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

முதல் நாள் பெட்டியைத் திறந்து பத்து அட்டைகள் எடுத்தேன். கேள்விக்குறியை அழிறப்பரால் அழித்தேன், பூச்சியம் தட்டினேன், கணினி கத்தவில்லை. அடுத்த அட்டை. குடைவு இருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள் தானே என்று ஒரு நியாயமும் கிடைத்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்த நியாயம்கூடத் தேவைப்படவில்லை. கை தன்பாட்டில் அழித்தது, தன்பாட்டில் தட்டியது. நாடா குறித்த நாளில் போயிற்று.

அக்கா திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். என் மகளுக்கு ஒரு பூப்போட்ட பத்தேக் சட்டை வாங்கி வந்திருந்தார். வெறும் பெட்டியைப் பார்த்தார், மூடி வைத்தார். சரிபார்ப்புத் தாளில் கையெழுத்து மட்டும் மிச்சமிருந்தது. அன்று மத்தியானம் பிரான்சிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. அங்கே எங்களைப் போல இதே வேலையைச் செய்த ஒரு பெண் எழுதியிருந்தாள். உங்கள் தென்பகுதிச் சதுரங்களில் பூச்சியம் அதிகமாக இருக்கிறது, எங்கள் பக்கத்தில் இதே பாறையில் இப்படி இல்லை, உண்மையிலேயே பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாள்.

அக்கா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"பாத்துட்டுத்தானே போட்டே?"

"ஓம் அக்கா."

"மேல போயி?"

"ஓம். பாத்துத்தான் போட்டனான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேசையைப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், பார்த்தோம் என்று பிரான்சுக்குப் பதில் எழுதினார். சரிபார்ப்புத் தாளில் கையெழுத்திட்டார். மறுநாள் என் நேர்முகம் நடந்தது, என்னை நிரந்தரமாக்கினார்கள். அக்கா தன் கையால் செய்த கேசரியை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து, "இனி உன்னைய யாரும் அசைக்க முடியாது லா" என்றார். அடுத்த வருடம் அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கினார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைபேசியில் பேசுவோம்.

நாங்களும் வீடு வாங்கும் நிலைக்கு வந்தோம். லண்டனில் ஆற்றுக்குத் தெற்கே ஒரு மேட்டுப் பகுதி. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. நான் எதற்கும் பயப்படுகிற தகப்பன். மகள் படிக்கட்டில் இறங்கினால் கீழே போய் நிற்பேன். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பு, அலுவலகத்தில் ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையில், எங்கள் தரவுத் தொகுப்பிலேயே அந்த வீட்டின் சதுரத்தையும் பள்ளிக்கூடத்தின் சதுரத்தையும் தேடிப் பார்த்தேன். மற்றத் தகப்பன்மாருக்கு இல்லாத வசதி எனக்கு இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. திரையில் நாலாவது வரியில், பச்சை எழுத்தில், பூச்சியம். இரண்டு சதுரத்துக்கும் பூச்சியம். வீட்டுக்குப் போய், "நிலம் நல்ல நிலம், நான் பாத்திட்டன்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "உங்களுக்கு வீட்டைப் பாக்கச் சொன்னா நிலத்தைப் பாக்கிறியள்" என்று சிரித்தாள்.

அந்தப் பூச்சியத்தைத் தட்டிய விரல் என்னுடையது என்பது அந்த வேளையில் எனக்கு நினைவே வரவில்லை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை. உண்மை அதுதான். அட்டையில் இருந்தவரை அது என் கள்ளம். திரையில் ஏறியதும் அது தரவு. நான் தரவை நம்புகிறவன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். கிழமைக் கணக்கில் மழை. மகள் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். பள்ளி புதிதாக ஒரு விளையாட்டுத் தளம் போட்டிருந்தது, மழைநீர் மண்ணுக்குள் இறங்க அதன் ஓரத்தில் குழியும் வெட்டியிருந்தது. காலை பதினொரு மணிக்கு மனைவி அலுவலகத்துக்கு அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, பயப்பிடாதேங்கோ. ஸ்கூலில நிலம் இறங்கிட்டுதாம். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஆனா வாங்கோ. உடன வாங்கோ."

எப்படிப் போனேன் என்பது நினைவில்லை. ரயிலில் ஒரு கையுறையை விட்டுவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மழை விட்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால், தளத்தின் ஓரத்தில், ஒரு பேருந்து இறங்கிப் போகக்கூடிய அகலத்தில் வட்டமாக ஒரு வாய். அதன் சுவர் பாலைப்போல வெள்ளை. பிள்ளைகள் குந்தியிருக்கும், கோட்டுகளையும் பைகளையும் வைத்துவிட்டு விளையாடப் போகும் நீள மர வாங்கு அங்கேதான் இருந்ததாம். ஆசிரியை விசில் ஊதினார், பிள்ளைகள் வாங்கிலிருந்து எழுந்து ஓடினார்கள், பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தமுமில்லை, யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது என்று அந்த ஆசிரியை சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். திரும்பிப் பார்த்தபோது வாங்கு இல்லை.

மகள் யாருடையதோ ஒரு பெரிய கம்பளிச் சட்டைக்குள் நின்றாள். ஆங்கிலத்தில், சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, என் பை கீழே போய்விட்டது. லைப்ரரிப் புத்தகம் அதற்குள் இருந்தது. மிஸ் ஏசுவாவா?"

அவளைத் தூக்கினேன். பத்து வயதுப் பிள்ளை, தூக்கக்கூடிய வயதில்லை. "அப்பா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றாள். நான் இறக்கவில்லை. அவள் தோளுக்கு மேலால் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்தச் சதுரத்தின் எண் முழுதாக என் நினைவுக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் பூச்சியம். அப்படி இருக்க முடியாதே, நான் பார்த்தேனே என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவர் என்னைத்தான் பழைய அட்டைகள் இருந்த களஞ்சியத்துக்கு அனுப்பினார். விசாரணை தொடங்குகிறது, பள்ளிக்காரர் தளம் போடுமுன் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள், குடைவு இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மூல அட்டையை எடுத்து வா என்றார். எடுத்தேன். நாலாவது வரி வெறுமை. வலது மூலையில் பச்சை நிறம் சற்று மங்கி, அட்டை பஞ்சுபோல எழும்பியிருந்தது. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தேன். அழித்த கேள்விக்குறி பள்ளமாக அப்படியே கிடந்தது. பென்சிலின் கறுப்பைத்தான் நான் அழித்திருந்தேன்.

அந்த இரும்பு அலுமாரிக்கு முன்னால் தரையில் இருந்துவிட்டேன். அந்தப் பெட்டி, அந்த இரண்டு கிழமை, ஐந்தரை மணி, எல்லாம் அப்போதுதான் திரும்பி வந்தன. களஞ்சியத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. அக்காவை அழைத்தேன். அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது.

"பிள்ள எப்படி தம்பி? சாப்பிட்டாளா?"

"அக்கா, நான் மேல போகேல்லை. ஒண்டையும் பாக்கேல்லை. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் பூச்சியம் தட்டினனான்."

"தெரியும் லா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். உன் மேசை பூரா ரப்பர் தூளு. அத ஊதிக்கூட விடலியே நீ."

"பிறகேன் அக்கா கையெழுத்து வைச்சனீங்கள்?"

"மறுநாள் உனக்கு இண்டர்வியூ. சின்னப் பிள்ளைய வச்சிருக்கே. அப்புறமா நானே ஒக்காந்து ஒவ்வொன்னா சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். என்னை மாத்திட்டாங்க. அந்த அப்புறம் வரவே இல்ல." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீ ஒன்னும் பேசாதே. கையெழுத்து என்னுது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் சர்வீஸு. உனக்கு அப்படியில்ல" என்றார்.

எனக்கு நன்றி வரவில்லை. கோபம் வந்தது. தெரிந்திருந்தும் விட்டீர்களே, என் பிள்ளை அந்த வாங்கில் இருந்தாளே என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றும் என் உடம்பு கூசுகிறது. ஆனால் அது பொய்யான கோபம் என்று இன்றும் சொல்லமாட்டேன். என்மேல் இரக்கப்பட்டு அவர் செய்த ஒன்று என் பொய்யோடு சேர்ந்துதான் அந்த வாங்கின் கீழ் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இத்தனை வருடமாக முயல்கிறேன், முடியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். "என்னப்பா, அவள் நல்லாத்தானே இருக்கிறாள்" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று அக்கா எழுதிய கடிதம் அவர்கள் முன்னால் ஏற்கெனவே கிடந்தது. நான் அட்டையை மேசையில் வைத்து, சன்னல் பக்கமாகச் சரித்துக் காட்டினேன். "இதை எழுதியவர் அவர். அழித்தவன் நான். இப்படி ஒரு பெட்டி இருந்தது" என்றேன்.

என்னை வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று நினைத்தேன். நீக்கவில்லை. எந்தப் பூச்சியம் பொய் என்று தேடக்கூடிய ஒரே ஆள் நான்தானாம். அக்காவை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். பார்த்தோம் என்று பிரான்சுக்கு எழுதிய பதிலில் அவர் கையெழுத்துத்தான் இருந்தது. பிரியாவிடை எதுவும் வைக்கவில்லை. நான் ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். கதவைத் திறந்தார், தேத்தண்ணீர் தந்தார், மகளைப் பற்றி விசாரித்தார். வேலையைப் பற்றி நான் தொடங்கியபோது, "போதும் தம்பி" என்றார். அதற்குப் பிறகு பண்டிகைக்கு அவர் அழைப்பதில்லை. நான் அழைத்தால் அன்பாகப் பேசுவார், சுருக்கமாக வைத்துவிடுவார்.

அடுத்த இரண்டு வருடமும் களஞ்சியத்தில் அட்டைகளைச் சன்னலுக்குச் சரித்துப் பிடிப்பதே என் வேலை. எங்கள் படிவத்துக்கும் ஓர் ஒன்பது வந்திருந்தது. பள்ளமிருந்த ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு ஒன்பது தட்டினேன். ஆனால் அந்தப் பூச்சியங்கள் எங்களிடம் மட்டும் இருக்கவில்லை. பகிர்வதற்காகச் செய்த வேலை அது. நாடாவிலிருந்து ஒவ்வொரு நாடும் பிரதி எடுத்திருந்தது. இதே பாறையில் இங்கிலாந்தில் இத்தனை இடம் குடைவில்லாமல் இருக்கிறது என்று எங்கோ யாரோ என் விரலை நம்பிக் கணக்குப் போட்டிருக்கலாம். எல்லாருக்கும் திருத்தப் பட்டியலை அனுப்பினோம். பிரான்சிலிருந்து அதே பெண் பதில் போட்டாள். நன்றி, மாற்றிவிட்டோம் என்று எழுதி, கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: இவ்வளவுதானா?

அந்தத் தாளோடு நெடுநேரம் இருந்தேன். எதிர்மேசையில் இப்போது யாருமில்லை. இலேசாகப் பென்சில் பட்ட அட்டைகளில் பள்ளமே விழுந்திராது. அவற்றை நான் கண்டுபிடித்திருக்க வழியில்லை. பிரிவுத் தலைவர் ஒரு வரி எதிர்பார்த்தார், ஆம் என்ற வரி. தெரியாது என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியே அனுப்பினார்.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. நடைபாதையில் ஈரமாக ஒரு பள்ளம் கண்டால் நான் அவள் கையைப் பிடிக்கிறேன், அவள் உதறுகிறாள். பஸ்தரிப்பில் வாங்கு இருந்தால் நின்றுகொள்ளச் சொல்கிறேன். "அப்பா, ப்ளீஸ்" என்று கண்ணை உருட்டுகிறாள். பழைய அட்டைகளையெல்லாம் படமெடுத்த பின் தூக்கி எறிந்தார்கள். எறிவதற்கு முன் பள்ளிக்கூடச் சதுரத்தின் அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைத்தான் லாச்சியில் வைத்திருக்கிறேன். பிரான்சுக்கு 'தெரியாது' என்று எழுதிய அன்று மாலை, ஒரு பென்சிலைச் சீவி, அந்த அட்டையின் மூலையில் நான் அழித்ததை மறுபடி எழுதினேன். நான் வரைய வேண்டியிருக்கவில்லை. பென்சில் முனை பழைய பள்ளத்தில் இறங்கித் தானாக வளைந்து ஓடியது. அக்கா எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறார் என்பது என் விரலுக்கு அப்போதுதான் தெரிந்தது.